மூன்று நூல்

முன்னறை முதலில் வந்தது.
அப்புறம் தெருவுக்குத் தார் போட்டார்கள்.
அதன்மேல் இன்னொரு தார். அதற்கும் மேல்
தேர்தலுக்கு முந்தின மாதம் ஒன்று.
மழை பெய்தால் ஞானஒளிவுபுரமே
வீட்டுக்குள் இறங்கி வர,
பின்னறை கட்டும்போது இஞ்ஞாசி சார்
கொத்தனாரிடம் சொன்னாராம்:
'ஏத்தியே கட்டுங்க. தெரு இன்னும் வளரும்.'

அப்படிப் பிறந்த படி இது.

டேப்பை நீட்டினேன்.
இடது ஓரம் நாலே கால்.
வலது ஓரம் நாலரைக்கு ஒரு நூல் கூட.
மூன்று நூல் கோணல்.
'இருபத்தாறு வருஷம் புழங்கியும் தெரியலையா டீச்சர்?'
'நூல் கணக்கெல்லாம் நாங்க எங்கப்பா கண்டோம்'
என்றார் பெர்னதெத் டீச்சர்,
விடைத்தாளிலிருந்து நிமிராமல்.

அவருக்கு வேண்டியது ஒன்றுதான்.
மேலறை, கீழறை, நடுவில் படி,
எல்லாம் ஒரே வால்நட் நிறம்.
விளிம்புக்கு அலுமினியப் பட்டை போடலாம்,
கண்ணுக்குத் தெரியும் என்றேன்.
'அந்த மினுக்கு வேண்டாம்.
ரெண்டும் ஒரே ரூம் மாதிரி இருக்கணும்.'

ஒச்சப்பன் சந்தில் உட்கார்ந்து பலகை அறுத்தான்.
எதிர்வீட்டு மோர்மிளகாயில் தூள் படிந்து
ஒரு சண்டை.
பழைய காதணி விழா பிளக்ஸ் ஒன்றைக் கட்டி மறைத்தோம்.
இரண்டு நாளும்
யாரோ ஒரு தாய்மாமன்
கூலிங்கிளாசோடு எங்களைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

இந்தத் தரைக்கு ஆணி கிடையாது.
பஞ்சு ஷீட்டின் மேல் பலகைக்குள் பலகை கோத்து
அப்படியே மிதக்க விட்டுவிட வேண்டும்.
சுவரோரம் பத்து மில்லி இடைவெளி.
ஐப்பசியில் ஊதும், சித்திரையில் சுருங்கும்,
நாம் தலையிடக் கூடாது.
படியில் மட்டும் அந்தச் சலுகை இல்லை.
விளிம்புக் கட்டையைச் சிமெண்ட்டோடு ஒட்டியாக வேண்டும்.
மனுஷன் முழு எடையோடு இறங்குகிற இடம்.

நெற்றிப் பலகையை
கோணலுக்குக் கோணலாகவே அறுத்தேன்.
பசை தடவி, கட்டையை அமுக்கி, மேலே பாரம் வைத்தோம்:
ஒரு சிப்பம் அரிசி, கிரைண்டர் கல்,
ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவின் காலாண்டுத் தேர்வு.

மறுநாள் சாயங்காலம் பாரத்தை எடுத்தபோது
படியைக் காணோம்.
வாசலில் நின்று பார்த்தால்
கொல்லைக் கதவு வரைக்கும் ஒரே மரம்,
ஒரே ரேகை. கூட்டே தெரியவில்லை.
டீச்சர் கைதட்டினார்.
எனக்கும் கொஞ்சம் கர்வம்தான்.

டீ கொடுத்தார்.
டம்ளரோடு இரண்டு எட்டு வைத்தேன்,
மூன்றாவது எட்டுக்குத் தரை இல்லை.
மூன்று தடவை அளந்தவன்,
நூல் சுத்தமாக அறுத்தவன்,
மல்லாக்கக் கிடந்தேன்.
டீச்சர் சிரிக்கவில்லை. துண்டை எடுத்துப் பாய்ந்து
முதலில் டீயைத் துடைத்தார்.
'தண்ணி நிக்கக் கூடாதுன்னீங்களே.'
ஒச்சப்பன்தான் சந்துக்கு ஓடிப்போய்
தாய்மாமனுக்குப் பின்னால் சிரித்தான்.

பாக்கி இரண்டாயிரத்து இருநூறு வாங்க
அடுத்த வாரம் போனேன்.
விளிம்பு நெடுக ஒரு வெள்ளைக் கோடு. சாக்பீஸ்.
'முதல் நாள் சார் விழுந்தார். அப்புறம் கொரியர் பையன்.
காலையில பள்ளிக்கூடம் கிளம்பும்போது போட்டுட்டுப் போறேன்,
ராத்திரிக்குள்ள அழிஞ்சிடுது.'

குனிந்து பார்த்தேன்.
வலது பக்கம் கோடு போட்டது போட்டபடி இருந்தது,
மாவு கூடக் கலையாமல்.
இடது ஓரத்தில், சுவரை ஒட்டி,
ஓர் ஆள் அகலத்துக்குச் சுத்தமாக இல்லை.

நாலே கால்.

டேப் இடுப்பில்தான் இருந்தது. எடுக்கவில்லை.
டீச்சர் பணத்தை மேலறையில் வைத்து
இரண்டு தடவை எண்ணினார்.
வாங்கிக்கொண்டு இறங்கும்போதுதான் கவனித்தேன்,
தோள் சுவரில் உரசியது.